தோமான் தொட்டி

பெரிய மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் செய்கிற முதல் தவறு, தொட்டியை விளிம்புவரை நிரப்புவது. தண்ணீர் கூடக்கூட மீனுக்குச் சுகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தோமானுக்கு அது பொருந்தாது, தம்பி. அது விரால் சாதி, உருவத்தில் பல மடங்கு பெரியது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி இல்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். மூடி கனமாக இல்லாவிட்டாலோ எகிறிக் குதித்து வெளியே வந்துவிடும். காற்றும் விடவேண்டும், மேலே கனமும் வைக்கவேண்டும். நான் மூடியின்மேல் நான்கு செங்கற்கள் வைத்திருந்தேன்.

எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள் என்றீர்கள். அதனால் மீனிலிருந்து தொடங்குகிறேன். இன்ஸ்பெக்டர் ரவூப், நீங்கள் தமிழ் பேசுகிறவராக அமைந்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. எங்கள் வீட்டு விஷயத்தை மொழிபெயர்ப்பாளர் வாயால் கேட்கிற நிலைமை வரவில்லை.

என் பெயர் சிதம்பரம். வயது எழுபத்தொன்று. முப்பத்தாறு வருடம் நீர்த்தேக்கங்களில் வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் சுற்றுக்காவல் மேற்பார்வையாளர். காலையில் கரையோரம் நடந்தால் காலி வாளிகள் கிடக்கும். கடையில் விரல் நீளத்தில் வாங்கிய மீன் கை நீளத்துக்கு வளர்ந்ததும், தீனி போட மாளாமல், யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து நீர்த்தேக்கத்தில் கொட்டிவிட்டு வாளியையும் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். அந்த மீன் அங்கே இருக்கிற மற்ற மீன்களையெல்லாம் தின்று தீர்க்கும். நான் பிடித்துக்கொடுத்தவர்களில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு. எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "பாவம் அங்கிள், அடைஞ்சு கிடக்குது, சுதந்திரமா இருக்கட்டும்னு விட்டேன்." அந்தப் பாவத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நம் வீட்டில் வளர்ந்த கேட்டை ஊர்த் தண்ணீரில் கலந்துவிடுவதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்கக்கூடாது.

ஐந்து வருடத்துக்கு முன் என் மகன் அசோக் இந்தத் தோமானை ஒரு பிளாஸ்டிக் பையில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அப்போது அது சிவப்புக் கோடு போட்ட சின்னக் குஞ்சு. நான் அவனை உட்காரவைத்துச் சொன்னேன்.

"வளக்கிறதுன்னா அது சாகுற வரைக்கும் வளக்கணும். பாதியில எங்கயும் கொண்டுபோய் விடக்கூடாது."

"விடமாட்டேன்பா."

விடவில்லை. அந்த வகையில் அவன் நல்ல பிள்ளை. தேக்கா சந்தையில் இறால் வாங்கி, தலை கிள்ளி, கழுவிப் போடுவான். செவ்வாய்க்கிழமைதோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவான். மீன் வளர வளரத் தொட்டியும் வளர்ந்து, கடைசியில் ஐந்தடி நீளத்தில் வந்து நின்றது. கீழே மரப்பெட்டி, அதற்குள் வடிகட்டி, மேலே கண்ணாடி. தண்ணீர் நிறைந்தால் எல்லாமாகச் சேர்ந்து எழுநூறு கிலோ. மீன் இரண்டடியைத் தாண்டிவிட்டது. தொட்டியில் வேறு மீன் விட்டால் பொழுது விடிவதற்குள் செதிள்தான் மிஞ்சும். ஆகவே தனியாகவே கிடந்தது.

எங்கள் குடும்பத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தைப்பூசத்தன்று டோபி காட் பக்கம் காவடிகள் வந்து சேரும் இடத்தில் என் தகப்பனார் ஒரு மோர்ப் பந்தல் தொடங்கினார். அவருக்குப் பின் நான். ஐம்பத்தெட்டு வருடம், ஒரு வருடம்கூட யாரிடமும் கைநீட்டாமல் நடத்தியிருக்கிறோம். பிடோக்கில் எங்களைப் பந்தல்காரர் வீடு என்றுதான் சொல்வார்கள். என் மகள் நிவேதிதா மெல்பர்னில் வேலை பார்க்கிறாள். அங்கே அவளுக்குப் பழக்கமான பிரேம் என்ற பையன், தெம்பனிஸில் இருக்கிற இராமசாமியின் மகன். பந்தல்காரர் வீட்டுப் பெண் என்றதும் இராமசாமி மறுபேச்சுப் பேசாமல் சம்மதித்தாராம். நிச்சயதார்த்தத்தை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

அதற்கு இருபத்தேழு நாள் இருக்கும்போது ஒரு மாலை அசோக் என் முன்னால் வந்து நின்றான். எட்டு மாதமாகப் போதைப்பொருள் எடுப்பதாகச் சொன்னான். தரையைப் பார்த்துச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அந்தத் தைரியம் என்னிடமிருந்து வந்தது என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

"நானே போலீஸ்ல போய்ச் சொல்லிடறேன்பா. ட்ரீட்மென்ட் குடுப்பாங்க. கொஞ்ச மாசம் உள்ள இருக்கணும், அவ்வளவுதான்."

"அக்கா நிச்சயம் முடியட்டும்."

"அதுவரைக்கும் என்னால முடியாதுப்பா. வெளிய எறங்கினா கால் தானா அங்கதான் போவுது."

"அப்ப வெளிய எறங்காத."

அவன் கொஞ்ச நேரம் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே சொன்னான். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளவேண்டும், ஏனென்றால் இது அவன் வாயால் வந்தது.

"அப்பன்னா என்ன ரூம்ல போட்டு அடைச்சிடுங்க. பத்து நாள் தாண்டிட்டா சமாளிச்சிடுவேன். நான் என்ன சொன்னாலும் தொறக்காதீங்க. வயித்து வலின்னு சொல்வேன், நெஞ்சு வலின்னு சொல்வேன். எல்லாம் பொய்யாத்தான் இருக்கும்."

எங்கள் பெரிய படுக்கையறையைக் கொடுத்தோம். அதற்குள்ளேயே குளியலறை உண்டு. அவன் தன் கைத்தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். வேலையிடத்துக்கும் உறவினர்களுக்கும் பெர்த்தில் பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொன்னோம். மூன்றாம் நாள் அவன் அழுதான். என் மனைவி தங்கம் நான் கடைக்குப் போன நேரத்தில் தாழ்ப்பாளை நீக்கிவிட்டாள். கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தேன். என்னைக் கண்டதும் நின்றுவிட்டான். சண்டை போடவில்லை. மேலே வந்ததும் என்னிடம் அவன் சொன்னது ஒன்றுதான். "தாழ்ப்பா போதாதுப்பா."

தாழ்ப்பாளை நான் திறக்கமாட்டேன் என்று எனக்கே உறுதியில்லை. அவள் திறந்துவிட்டாள். இன்னொரு நாள் நான் திறந்திருப்பேன். மூன்று பேரில் யார் மனம் இளகினாலும் திறக்க முடியாத ஒன்று வேண்டியிருந்தது.

அடுத்த நாள் மாலை முழுவதும் நானும் அவனும் சேர்ந்து வேலை செய்தோம். மீனைப் பெரிய பீப்பாய்க்கு மாற்றினோம். தொட்டித் தண்ணீரை இறைத்தோம். பழைய போர்வையை அடியில் விரித்து, காலித் தொட்டியைப் பெட்டியோடு படுக்கையறைக் கதவுவரை தள்ளினோம். மரப்பெட்டியின் பின்பலகையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு நுழையும் அளவுக்கு அவனே ரம்பத்தால் அறுத்தான். அளவெடுத்து, பென்சிலால் கோடு போட்டு, பிசிறு கையில் குத்தாமலிருக்க உப்புத்தாள் தேய்த்தான். நான் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு நேரம் அவனோடு சேர்ந்து நான் ஒரு வேலை செய்தது அதுவே முதல் தடவை. பிறகு அவன் உள்ளே போய், கதவை அறைப்பக்கமாகத் திறந்தே வைத்தான். கடைசி இரண்டடியை நான் ஒருவனே தள்ளினேன். குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். நிறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவன் உள்ளிருந்து, "நாலு விரல் விடுங்கப்பா" என்று நினைவூட்டினான்.

தொட்டிக்கு மேலே தெரிந்த வாசலின் மேற்பாதியைப் பலகை அடித்து மறைத்து, நீலக் காகிதம் ஒட்டினேன். எதிர்வீட்டு நூருன்னிசா பிரியாணி கொடுக்க வந்தாள். தொட்டியைப் பார்த்துவிட்டு, "அங்கிள், ஹால் என்ன இவ்வளவு பெருசா தெரியுது, ஹோட்டல் மாதிரி இருக்குதுலா" என்றாள். அவள் பதினாறு வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவள். ஒரு அறை குறைந்ததை அவள் கவனிக்கவில்லை. மீன் இருந்தால் மனிதர்கள் மீனைத்தான் பார்ப்பார்கள்.

வேளாவேளைக்கு மரப்பெட்டியின் கதவைத் திறந்து, வடிகட்டிக்குப் பக்கத்தில் இருந்த துவாரத்தின் வழியாகத் தட்டைத் தள்ளுவேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் திருப்பித் தள்ளுவான். முதல் வாரம் திட்டினான். கெஞ்சினான். நெஞ்சு வலி என்றான், ரத்த வாந்தி என்றான். அவன் சொல்லியிருந்தபடியே எல்லாம் பொய். பதினோராம் நாள் காலையில் தட்டோடு அவன் குரல் வந்தது. தெளிந்த குரல்.

"பத்து நாள் ஆச்சுப்பா. இப்ப நல்லா இருக்கேன். தொறங்க, போய்ச் சொல்லிட்டு வந்திடறேன்."

நல்ல பிள்ளைதான் என்று நினைத்துக்கொண்டேன். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அவன் போய்ச் சொன்னால் அன்றே வைத்துக்கொள்வார்கள். ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போகப் பன்னிரண்டு நாள் தாராளம்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் இரு" என்றேன். "எந்த ஞாயிறு?" என்று கேட்டான். நான் பெட்டியின் கதவைச் சாத்திவிட்டேன்.

இருபத்து மூன்று நாளும் நானும் வாசலைத் தாண்டவில்லை, தம்பி. அடைத்துவைத்தவர் என்று என்னை எழுதியிருக்கிறீர்கள். தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான். நடுவே மீன். தங்கம் இரண்டு பக்கத்துக்கும் சமைத்தாள்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வியாழக்கிழமை வயிறு வலிக்கிறது என்றான். தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றான். வெள்ளிக்கிழமை, வலது பக்கம் கீழே இறங்கிவிட்டது, கால் நீட்ட முடியவில்லை என்றான். தட்டு தொடாமலே திரும்பி வந்தது. தங்கம் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"என்னங்க, இது வேற மாதிரி இருக்குங்க. அவன் அழுவவே இல்ல பாருங்க."

"அவனே சொல்லியிருக்கான்ல."

"அப்ப சொன்னான். இப்ப என்ன சொல்றான்னு கேளுங்க."

அவளுடைய கைத்தொலைபேசியைக் கேட்டேன். கொடுத்தாள். என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பிடுங்கியதாக எழுதவேண்டாம், முப்பத்தொரு வருடத்தில் நான் அவளிடம் எதையும் பிடுங்கியதில்லை.

சனிக்கிழமை விடிந்து நான் குளித்துவிட்டு வந்தபோது, தொட்டியின் மூடியிலிருந்து இரண்டு செங்கல் கீழே இறங்கியிருந்தது. தங்கம் ஒரு முக்காலியில் ஏறி நின்று, பித்தளைச் சொம்பால் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாளி நிறைந்ததும் இறங்கி, சமையலறைக்குத் தூக்கிப்போய்க் கொட்டிவிட்டு, திரும்ப ஏறினாள். பதினோரு வாளி இறைத்திருந்தாள் என்று பிற்பாடு சொன்னாள். ஐம்பது வாளிக்கு மேல் பிடிக்கிற தொட்டி.  ரப்பர்க் குழாயைச் சமையலறைக் குழாயில் மாட்டி, மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டேன்.

அவள் சொம்பைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அள்ள ஆரம்பித்தாள். நிச்சயதார்த்த வேலையில் நான்கு நாளாக மீனுக்குத் தீனி போடாமல் விட்டுவிட்டேன். அது என் தவறு. பசித்த தோமானுக்கு அசைகிற எதுவும் தீனிதான். வலது கையில் சுண்டுவிரலுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. அவள் கத்தவில்லை. கையை இழுத்துக்கொண்டு இறங்கி, தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொஞ்சம் சிவந்து, வடிகட்டியில் தெளிந்துவிட்டது. நான் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டேன். தொட்டி பழைய அளவுக்கு நிறைந்ததும் குழாயை மூடினேன். நான்கு விரல் இடைவெளி விட்டு.

உள்ளிருந்து அவன் கேட்டான். "அம்மா, தண்ணி கொறையுதா?"

அவள் சொம்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் இரண்டு செங்கல்லையும் திரும்ப மூடியின்மேல் வைத்தேன்.

அன்று மத்தியானம் வலி நின்றுவிட்டது என்றான். பார்த்தாயா என்று தங்கத்திடம் சொன்னேன். சாயங்காலம் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிற சத்தம் கட்டிலில் கேட்டது. அந்த நேரத்தில்தான் நிவேதிதா விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கினாள்.

"என்னப்பா இது, உங்க ரூம் கதவையே காணோம்?"

"பாத்ரூம் ஒழுகுது. கீழ் வீட்டுக்கு எறங்குதுன்னு அடைச்சு வச்சிருக்கு. ஆள் வந்து பாக்கணும்."

"அம்மா கையில என்ன கட்டு?"

"தீனி போடறப்ப கடிச்சிருச்சு."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வடிகட்டியின் விசையைக் கூட்டிவைத்தேன். தண்ணீர் விழுகிற சத்தத்தில் மற்றது அடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் பதினெட்டுப் பேர் தட்டுகளோடு வந்தார்கள். இராமசாமி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், கலகலப்பான மனிதர். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தொட்டியைப் பார்த்துவிட்டார்.

"சம்பந்தி, இது மீனா, முதலையா? என்னலா சாப்பிடும் இது?"

"இறால், சின்ன மீன்."

"பொய் சொல்லாதீங்க, தங்கச்சி கையப் பாத்தேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி பாப்பாத்தியம்மாள், "எங்க புள்ளைய மாப்பிள்ளன்னு கூப்பிட்டு அதுக்குப் போட்றாதீங்க, எங்களுக்கு ஒன்னுதான் இருக்கு" என்றாள். மறுபடியும் சிரிப்பு. ஒவ்வொருவராகத் தொட்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நிச்சய ஓலை படித்துக்கொண்டிருந்தபோது மரப்பெட்டிக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. மூன்று தட்டு. நிறுத்தம். மறுபடி மூன்று. மீன் மிரண்டு மூடியில் மோதியது. செங்கல் அசைந்தது. "ஐயோ, கோவக்காரன்" என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். தங்கம் எழுந்தாள். நான் அவளைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய அறையில் ஒரு சன்னல் உண்டு, தம்பி. பதினோராம் மாடி, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தது. அவன் அங்கே நின்று கத்தியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அத்தனையும் அண்ணாந்து பார்த்திருக்கும். நகர முடிகிற வரைக்கும் சன்னலுக்குப் போக முடிந்திருக்கும். அவன் கத்தவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பெட்டியைத் தட்டினான். அவன் என் மகன்.

தட்டு மாற்றினோம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இராமசாமி என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அசோக் எப்படி இருக்கான், சம்பந்தி?" என்று கேட்டார்.

"பெர்த்ல நல்லா இருக்கான்."

அவர் இலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். "வந்ததும் சொல்லுங்க. அவன்கூட உக்காந்து ஒரு காப்பி குடிக்கணும் நான். நம்ம புள்ளதானே அவனும்."

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பன்னிரண்டே முக்காலுக்குக் கடைசியாகத் தட்டியது. அப்போது பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். இராமசாமிக்கு இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.

இரண்டே காலுக்குக் கடைசி ஆள் மின்தூக்கியில் இறங்கினான். நான் வாசற்கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது, தங்கம் கட்டுப் போட்ட கையாலும் மற்றக் கையாலும் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். ஒரே அடி. ஐநூறு லிட்டர் தண்ணீரும் கூடத்தில் இறங்கியது. தட்டுகள், பூ, வெற்றிலை எல்லாம் மிதந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிவேதிதா, "அம்மா, என்னம்மா பண்றீங்க?" என்று அலறினாள். "உள்ள தம்பி இருக்கான்டி" என்றாள் தங்கம். அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அவர்கள் இரண்டு பேரும் பெட்டியைப் பிடித்து இழுத்தார்கள். நான் மீனைத் தூக்கினேன். நாற்காலிக்கு அடியில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தது. காலில் தட்டுப்பட்டதை மனிதன் முதலில் தூக்குவான். குளியலறை வாளியில் விட்டுவிட்டு வந்து பார்த்தபோது அறைக்கு வழி திறந்திருந்தது. அசோக் வாசலுக்குள்ளேயே தரையில் மடங்கிக் கிடந்தான். ஒரு கை துவாரத்துக்கு நேராக நீண்டிருந்தது. உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. குடல்வால் வெடித்து விஷம் பரவியிருக்கிறது என்றும், சனிக்கிழமை வந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பான் என்றும் மருத்துவர் சொன்னார். வெள்ளிக்கிழமை வந்திருந்தால் மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்றார்.

என் தம்பி மகன் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து அனுப்பியிருக்கிறான். வலியென்பது பொய்யென்று நம்பினேன், அவனே பொய் சொல்வேன் என்று எச்சரித்திருந்தான் என்று சொல்லச் சொல்கிறார் அவர். நல்ல வாதம். நான் அதைச் சொல்லப்போவதில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், தங்கம் துணி காயப்போடப் போன நேரத்தில், நான் பெட்டிக்குள் தலையை விட்டுத் துவாரத்தின் வழியாகக் கையை நீட்டினேன். அவன் என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். கொதித்தது. நெருப்பைத் தொட்ட மாதிரி இருந்தது. "பொய் இல்லப்பா" என்றான். "தெரியும்" என்றேன். நான் சொன்ன சொல் அதுதான். அவன் கேட்டான், நான் சொன்னேன். பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.

சுத்தியல் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு நிமிட வேலை என்றும் தெரியும். வெள்ளிக்கிழமை தெரியும், சனிக்கிழமை தெரியும், ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கும் தெரியும். ஆம்புலன்ஸ் வரும், அதன் பின்னால் கேள்வி வரும், ரத்தத்தைச் சோதிப்பார்கள், ஊர் தெரிந்துகொள்ளும். எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கோபத்தில் செய்யவில்லை. மறதியில் செய்யவில்லை. அவனை நான்தான் சாகவிட்டேன். தங்கத்தின் பெயர் எந்தத் தாளிலும் வரவேண்டாம்.

நேற்று நிவேதிதா என்னைப் பார்க்க வந்திருந்தாள். மோதிரம் விரலில் இருந்தது. மண்டாய் மயானத்தில் காரியம் முடிந்ததையும், இராமசாமிதான் கூட நின்று எல்லாம் செய்தார் என்பதையும் சொன்னாள். பிறகு மோதிரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவங்களுக்குத் தெரியும்பா."

"எது?"

"அசோக் எடுக்கிறது. அவன் என்கிட்ட முதல்லயே சொல்லிட்டான். நான் அன்னிக்கே பிரேம்கிட்ட சொல்லிட்டேன். அவங்க அப்பா அம்மா எல்லாம் தெரிஞ்சுதான் தட்டு எடுத்துட்டு வந்தாங்க. பிரேமோட சித்தப்பாவே உள்ள போய் சரியாகி வந்தவரு. நம்ம ஹால்லதான் உக்காந்து சாப்பிட்டாரு. பெர்த்னு நீங்க சொன்னப்ப, ஏதோ சென்டர்ல சேத்திருக்கீங்க, வெளிய சொல்ல வெக்கப்படறீங்கன்னு நெனச்சோம். அவ்வளவுதான்பா நெனச்சோம்."

அவள் அழவில்லை. எழுந்து போய்விட்டாள். இனி வருவாள் என்று தோன்றவில்லை.

அவள் சொன்னதை அப்புறம் உட்கார்ந்து நிதானமாக யோசித்துப் பார்த்தேன். என்னைக் குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொன்னாள். ஆனால் அதில் அவளுக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. இப்படி ஒரு பிள்ளை இருக்கிறான் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், பதினெட்டுப் பேர் படியேறி வந்து, பந்தல்காரர் வீட்டில் கை நனைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது. அதில் ஒரு கீறல் விழாமல் கடைசிவரை காப்பாற்றியவன் நான் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. கையெழுத்துப் போடுகிறேன்.